கதிரை, குசினி, சப்பாத்து: தீவகத் தமிழில் ஓர் அந்நிய அழுத்தம்

ஸ்பானிய மொழியில் ‘கதைத்தல்’ என்பதற்குரிய வினை ‘அப்லார்’. அதன் இரண்டு வடிவங்கள் எழுத்திலே ஏறக்குறைய ஒன்றேதான். முதல் அசையில் குரலை ஊன்றி ‘ஆப்லொ’ என்றால் ‘நான் கதைக்கிறேன்’ என்று பொருள். கடைசி அசையில் ஊன்றி ‘அப்லோ’ என்றால் ‘அவன் கதைத்தான்’. ஆளும் மாறிவிட்டது, காலமும் மாறிவிட்டது. மாற்றியது ஓர் எழுத்தல்ல. குரல் விழுந்த இடம். எழுதும்போது உயிரின் தலையில் ஒரு சிறு சாய்கோடு இடுவார்கள், அவ்வளவுதான்.

இந்த வினை இலத்தீனில் ‘ஃபாபுலா’ என்ற சொல்லிலிருந்து கிளைத்தது. ஃபாபுலா என்றால் கதை. கதையிலிருந்து கதைத்தல். யாழ்ப்பாணத்தவன் ‘பேசுகிறேன்’ என்னாமல் ‘கதைக்கிறேன்’ என்பதைத் தமிழகத்து நண்பர்கள் வேடிக்கையாகப் பார்ப்பதுண்டு. ஐபீரியத் தீபகற்பத்தின் சனங்களும் அதே வழியில்தான் போயிருக்கிறார்கள்.

ஸ்பானிய வினைக்கும் நமது தீவகத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 1580 முதல் 1640 வரை போர்த்துக்கலின் முடியும் ஸ்பானியாவின் முடியும் ஒரே தலையில் இருந்தன. 1619இல் பிலிப் டி ஒலிவேரா யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தபோது, அது பெயரளவில் மத்ரிதில் இருந்த மூன்றாம் பிலிப்பு மன்னனின் சொத்தாயிற்று. ஆனால் ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் வந்திறங்கியவர்களின் வாயில் இருந்தது போர்த்துக்கேய மொழி. ஸ்பானிய மொழிக்கு அது உடன்பிறப்பு. வினைகளில் அழுத்தம் செய்யும் வேலையும் இரண்டிலும் ஒன்றுதான்.

போர்த்துக்கேயத்தில் இந்தச் சங்கடம் இன்னும் ஒரு படி கூட. ‘செலுத்துதல்’ என்பதற்கு அங்கே ‘பகார்’. ‘செலுத்தினார்கள்’ என்பது நடு அசையில் அழுத்தம் பெற்று ‘பகாரௌன்’ என்று மூக்கொலியில் முடியும். ‘செலுத்துவார்கள்’ என்பது கடைசி அசையில் அழுத்தம் பெற்று ‘பகரௌன்’ ஆகும். இன்றைய எழுத்துமுறையில் இவ்விரண்டுக்கும் வேறுவேறு ஈறுகள் உண்டு. 16ஆம், 17ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துகளிலோ இரண்டையும் பெரும்பாலும் ஒரே மாதிரியே எழுதிவிடுவார்கள். குரல் எங்கே விழும் என்பது எழுதியவனுக்குத் தெரியும். படிப்பவனுக்கும் தெரியும் என்று அவன் எண்ணிக்கொண்டான். யாழ்ப்பாணத்தின் நிருவாகத்தையும் வரிகளையும் பற்றிய 1645ஆம் ஆண்டுப் போர்த்துக்கேய ஆவணத்தை போல் ஈ. பீரிஸ் 1920இல் ஆங்கிலத்தில் நூலாக்கித் தந்தார். நம்மவர்கள் அந்த ஆங்கிலத்தையே படிக்கிறோம். அக்காலத்து மூலங்களைக் கையில் எடுப்பவனோ, குடிகள் ஒரு வரியைச் செலுத்தினார்களா, செலுத்துவார்களா என்பதை இடம்பார்த்துத் தானே தீர்மானிக்க வேண்டிய கட்டங்கள் வரும். வரலாற்றில் இது சின்ன விடயமல்ல.

மேலே நான் அழுத்தத்தைக் காட்டிய முறையைக் கவனித்திருப்பீர்கள். தமிழ் எழுத்தில் அழுத்தத்துக்குக் குறி கிடையாது. ஆகையால் அழுத்தம் விழுந்த அசையை நெடிலாக எழுதினேன். இது என் கண்டுபிடிப்பல்ல. நானூறு வருடங்களுக்கு முன் தீவகத்துச் சனங்களின் காது செய்த வேலையும் இதுவே.

அதற்கு முன் துறையைப் பற்றி ஒரு வார்த்தை. ஊர்காவற்றுறைக்கு அந்நிய நாவுகள் போர்த்துக்கேயரோடு வந்தவையல்ல. நயினாதீவில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டு, அந்நியர்கள் ஊராத்துறைக்கு வந்து தங்கவேண்டும், அவர்கள் காக்கப்படவேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு; வேறு சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையே. ஒரு சிங்கள மன்னன், தமிழில், அந்நிய வணிகருக்காகப் பொறித்த ஆணை நயினாதீவிலே நிற்கிறது என்பதை நம் பாடப்புத்தகங்கள் இன்னும் உரத்துச் சொல்லியிருக்கலாம். 1344இல் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்த இப்னு பதூதா, அவருக்குப் பாரசீகம் விளங்கியது என்று எழுதிவைத்தார். ஆக, பறங்கி வந்தபோது இக்கரையின் காது பல மொழிகளில் ஏற்கெனவே பழகிய காதுதான். வந்தவர்கள் அந்தத் துறையைத் தங்கள் மொழியில் ‘துறை’ என்றே அழைத்தார்கள். அந்த ஓரசைச் சொல்தான் ஆங்கிலத்தில் ‘கயிற்ஸ்’ ஆகி இன்றும் வரைபடங்களில் நிற்கிறது.

என் உம்மும்மா நயினாதீவுக்காரி. போர்த்துக்கேயர் என்றொரு சாதி இருந்ததென்பதை அவர் பள்ளியில் படித்தவரல்ல. ஆனால் விடிந்தால் குசினிக்குள் போவார். தாச்சியை அடுப்பில் வைப்பார். விறாந்தையில் வாங்கைப் போடுவார். வந்தவருக்குக் கதிரை, மேசையில் கோப்பை. பெட்டிக்குள் லேஞ்சி, றேந்தை வைத்த சட்டை, துவாய். முற்றத்தில் அலவாங்கு. இவ்வளவும் போர்த்துக்கேயம். இந்தச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, மூலத்தில் அழுத்தம் எங்கே விழுந்தது என்று பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது.

‘சபாத்து’ என்பது மூலச் சொல். அழுத்தம் நடு அசையில். தமிழில் சப்பாத்து: நடு அசை நெடில். ‘அலவங்க’ என்பதில் மூன்றாம் அசையில் அழுத்தம், அலவாங்கு. ‘வரந்த’வில் இரண்டாம் அசை, விறாந்தை. ‘துஅல்ய’ துவாய் ஆயிற்று, ‘அர்மரியு’ அலமாரி, ‘அனனஸ்’ அன்னாசி, ‘கொயப’ கொய்யா. ஈற்றில் அழுத்தம் பெற்ற பொத்தானும் களிசானும் ஈற்றில்தான் நீளுகின்றன. முதலசையில் அழுத்தம் பெற்றவற்றைச் சொல்லவே வேண்டாம்: வாங்கு, தாச்சி, சாவி, மேசை, லேஞ்சி, றேந்தை, பீப்பாய், கோப்பை, தோம்பு. பின்வந்த ஒல்லாந்தரின் சொற்களும் இந்த வழிக்கே வந்தன. ‘கன்தோர்’ என்பதில் ஈற்றசை அழுத்தம், நமக்குக் கந்தோர். மேசை இழுப்பறைக்கு லாச்சி. அழுத்தம் என்பதைப் பொருள் தரும் ஒன்றாகத் தமிழ் கொள்வதில்லை. ஆயினும் வந்தவன் எங்கே குரலை ஊன்றினான் என்பதைக் கேட்டவர்கள் அதைத் தங்களிடம் உள்ள சரக்கால், அதாவது நெடிலால், பதிந்து வைத்தார்கள்.

காது எவ்வளவு கூர்மையானது என்பதற்கு இன்னொன்று. சப்பாத்தில் ப் ஏன் இரட்டித்தது? தமிழில் தனிப் பகரம் சொல்லின் நடுவே வந்தால் மெலிந்துவிடும். வன்மை குன்றாமல் ஒலிக்க வேண்டுமானால் இரட்டிக்க வேண்டும். பீப்பாய், கோப்பை, பொத்தான் எல்லாம் அப்படித்தான். கதிரையில் த் இரட்டிக்கவில்லை. மூலத்தில் அது மெல்லிய ஒலி. குசினியிலும் மேசையிலும் ச் தனித்து நிற்பதற்கும் அதுவே காரணம். இலக்கணம் படித்த ஒருவன் உட்கார்ந்து விதிவகுத்தது போலிருக்கிறது. உட்கார்ந்தவர் ஒருவருமில்லை.

ஒழுங்குக்கு வராத சொற்களும் உண்டு. அவற்றில்தான் சுவை அதிகம். ‘கதேய்ர’ என்பதில் நடு அசை அழுத்தம். தமிழில் கதேரை என்றோ கதீரை என்றோ வரவில்லை, கதிரை என்று குறுகிவிட்டது. ‘குசீன்ய’ குசினி. ‘ஜனெல’ யன்னல். ‘தவெர்ன’ தவறணை. நான்கிலும் அழுத்தம் விழுந்தது எகர இகர வகை உயிரில், அதுவும் சொல்லின் நடுவில். அகரமானால் எங்கே இருந்தாலும் நீண்டு பிழைத்துக்கொள்கிறது. எகரமும் இகரமும் முதலசையில் மட்டும் பிழைக்கின்றன. நம் பழைய யாப்பைக் கொண்டு பார்த்தால் இது ஓரளவு விளங்கும். போர்த்துக்கேயன் க–தேய்–ர என்று மூன்றாகப் பிரிக்கிறான், நடுவில் குரலை ஏற்றுகிறான். தமிழனோ தொல்காப்பியக் காலத்திலிருந்து அசையை நேர், நிரை என்றே அளந்து வந்தவன். கதி–ரை: இரு குறில் இணைந்து நிரை, பிறகு நேர். புளிமா. குசி–னி, அதுவும் புளிமா. அழுத்தம் பெற்ற அசை தனக்கு முன்னால் நின்ற குறிலோடு இணைந்து ஒரே நிரைக்குள் அடங்கிவிட்டது. அடங்கியபின் அதற்குத் தனிக்குரல் ஏது? சப்பாத்து தேமாங்காய், அலவாங்கு புளிமாங்காய். அங்கே அழுத்த அசைக்குத் தனி நேர் கிடைத்தது, பிழைத்தது. விறாந்தை இந்தக் கணக்குக்கு அடங்காது என்பதையும் சொல்லவேண்டும். அங்கே குறிலும் நெடிலும் ஒரே நிரைக்குள் இருந்தும் நெடில் சாகவில்லை. அகரத்தின் பலம் அது என்றே நான் கொள்கிறேன்.

இனி, மெய்கள் கூடிநிற்கும் இடம். ஸ்பானியனும் போர்த்துக்கேயனும் இரண்டு மெய்யை ஓர் அசையின் முகப்பில் நிறுத்துவார்கள். ‘அப்லோ’வை அவர்கள் அ–ப்லோ என்றே பிரிப்பார்கள். தமிழனால் அப்–லோ என்றுதான் பிரிக்க இயலும்; ‘ப்லோ’ என்று ஓர் அசை நமக்குத் தொடங்காது. ‘பா–த்ரெ’ என்று வந்த குருவானவர் பாதிரி ஆனதும், ‘மெஸ்த்ரெ’ மேஸ்திரி ஆனதும் இதனால். மெய்களுக்கிடையே ஓர் இகரத்தைச் செருகினால் நாவு இளகுகிறது.

இதே மருந்தை, தமிழே அறியாத இன்னொரு கூட்டமும் கண்டுபிடித்தது. ஸ்பானியாவின் முஸ்லிம்களைச் சொல்கிறேன். 1492இல் கிரனாடா வீழ்ந்தது. அதே ஆண்டில் நெப்ரிஹா ஸ்பானிய மொழிக்கு முதல் இலக்கணத்தை அச்சிட்டார். அதன் பின்னான ஒரு நூற்றாண்டில் முஸ்லிம்கள் கட்டாயமாக மதம்மாற்றப்பட்டு மொரிஸ்கோக்கள் எனப்பட்டனர். அவர்களில் பலரின் வீட்டுமொழி ஸ்பானியமாகவே இருந்தது. எழுத்தைமட்டும் அவர்கள் விடவில்லை. அரபு எழுத்தில் ஸ்பானியத்தை எழுதினார்கள். அதற்கு அல்ஹமியாதோ என்று பெயர். நம் காதுக்குப் பழகிய ‘அஜமி’ என்ற சொல்லே அங்கே அப்படித் திரிந்தது. அரபில் சொல்லின் முகப்பில் இரட்டை மெய் இல்லை. படைத்தவனைக் குறிக்கும் ‘க்ரியதோர்’ என்ற சொல்லை அவர்கள் ‘கிரியதோர்’ என்று எழுதினார்கள். பாதிரிக்குள் நுழைந்த அதே இகரம். அரபில் இல்லாத எகரத்துக்கு அகரக் குறியோடு ஓர் அலிஃபைச் சேர்த்து வழிகண்டார்கள். அரபுத்தமிழ் எழுதிய நம் ஆலிம்களும் எகர ஒகரங்களுக்குப் புதுக் குறி செய்யவேண்டி வந்தது. ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரே எழுத்தைக் கொண்டு, வெவ்வேறு கடற்கரைகளில் ஒரே சிக்கலோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அல்ஹமியாதோவையும் அரபுத்தமிழையும் அருகருகே வைத்து நம்மில் ஒருவர் விரிவாக எழுதவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அந்த மொரிஸ்கோக்கள் 1609க்கும் 1614க்கும் இடையில் ஸ்பானியாவை விட்டு விரட்டப்பட்டார்கள். ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர். ஆணையிட்டவன் மூன்றாம் பிலிப்பு. பத்து வருடம் கழித்து யாழ்ப்பாணம் எவன் பெயரில் எழுதப்பட்டதோ அதே பிலிப்பு. 1626இல் போர்த்துக்கேயர் இலங்கையில் தங்கள் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்று, நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பக்கத்தில் குடியேற்றினான் என்று சொல்லப்படுகிறது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதில் நானும் ஒருவன். யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளம் வந்த எங்கள் குடும்பத்தின் கையில் சாவி இருந்தது. அலமாரியும் கதிரையும் வாங்கும் அங்கே நின்றுவிட்டன. சொற்கள்மட்டும் கூடவே வந்தன. மொரிஸ்கோக்களும் துனீசியாவிலும் மொரோக்கோவிலும் கரையேறியபோது, அந்த மண்ணின் அரபை விடத் தங்களை விரட்டியவனின் மொழியையே சரளமாகப் பேசினார்கள். அவர்களின் வாயில் ‘ஆப்லொ’வும் ‘அப்லோ’வும் அழுத்தம் பிசகாமல் நின்றிருக்கும்.

பெயர்ச்சொற்களைப் பற்றி இவ்வளவு சொன்னேன். வினை எங்கே? தீவகத்தில் மட்டுமல்ல, தமிழ் பேசும் எந்தக் கரையிலும் போர்த்துக்கேய வினையொன்று தமிழ் வினையாகிப் புழங்குவதைக் காண்பது அரிது. கதிரை கொடுத்தவன் ‘இரு’ என்பதற்குச் சொல் கொடுக்கவில்லை. சப்பாத்து வந்தது, நடை நம்முடையதாகவே நின்றது. காரணம் விளங்காததல்ல. தமிழ் வினையில் காலம் காட்டும் இடைநிலை நடுவில் கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது: கதைத்தான், கதைக்கிறான், கதைப்பான். எந்த அசையை உரத்துச் சொன்னாலும் காலம் நகராது. போர்த்துக்கேய வினையோ ஆளுக்கொரு ஈறு, காலத்துக்கொரு அழுத்தம் என்று அசைந்துகொண்டேயிருக்கும். சந்தையில் கேட்பவனுக்கு அதில் பிடித்துக்கொள்ள நிலையான ஒரு வடிவம் கிடையாது. 1549 அளவில் தமிழுக்குப் போர்த்துக்கேய மொழியில் இலக்கணம் எழுதிய அன்றிக் அடிகள் மறுபக்கத்திலிருந்து இதே மதிலில் முட்டினார். இலத்தீன் இலக்கணத்தின் அச்சில் தமிழ் வினையை வார்க்க முயன்றவர் அவர். 1658க்குப் பின் யாழ்ப்பாணத்தில் இருந்த ஒல்லாந்துப் போதகர் பல்டேயஸ், 1672இல் அம்ஸ்டர்டாமில் வெளியான தம் நூலில் தமிழ் இலக்கணச் சுருக்கமொன்றைச் சேர்த்தபோதும் அச்சு மாறவில்லை.

தமிழ் வாங்காத அந்த வினை இலங்கையில் வேறோர் இடத்தில் தங்கியது. போர்த்துக்கேயர் வழிவந்தவர்களும் அவர்களோடு கலந்தவர்களும் பேசிய கலப்புமொழியைச் சொல்கிறேன். அதில் ‘ஃபலார்’ என்ற வினையின் ஈற்று ரகரம் உதிர்ந்து ‘ஃபலா’ என்று உறைந்துவிட்டது. நான், நீ, அவர்கள் என்று ஆளுக்கேற்ற ஈறு இல்லை. காலத்தைச் சொல்ல முன்னால் ஒரு துண்டு: ‘த’ என்றால் நிகழ்காலம், ‘ஜா’ என்றால் இறந்தகாலம், ‘லோ’ என்றால் எதிர்காலம். ‘ஜா ஃபலா’ என்றால் கதைத்தாயிற்று. யார் கதைத்தது என்பதைத் தனியே சொல்லவேண்டும். ஒரு பேரரசின் ஆவணங்களில் இறந்தகாலத்தையும் எதிர்காலத்தையும் பிரித்துக்காட்டிய அழுத்தம் இங்கே வேலையில்லாமல் போயிற்று. வாக்கியத்தில் வினையைக் கடைசியில் வைக்கும் பழக்கத்தையும் அம்மொழி தமிழிடமிருந்து எடுத்துக்கொண்டது. கோவா அறிஞர் தல்காது 1900இல் இதுபற்றி நூல் எழுதினார். 1970களில் இயன் ஸ்மித் மட்டக்களப்பில் இதன் ஒலியமைப்பை ஆராய்ந்தார். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியர் குடும்பங்கள் சிலவற்றில் அது இன்னும் வாழ்கிறது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை மட்டக்களப்பில் அவர்கள் வாழ்ந்த டச்பார் பகுதியை அழித்தது. அம்மொழி பேசியவர்கள் பலர் அதில் போனார்கள்.

ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தங்கள் ஊர்களின் பெயரைச் சூட்டிப் பார்த்தார்கள். காரைதீவு அம்ஸ்டர்டாம், வேலணை லெய்டன், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ட். கடைசிப் பெயர் ஒன்றுதான் அரசாங்கக் கடதாசிகளில் ஊன்றியது. மூன்று மெய் ஒன்றாக நெருக்கும் அந்த ஓரசையைத் தீவுச் சனம் வாயில் போட்டுக்கொள்ளவில்லை. நெடுந்தீவு என்றே சொல்லி வந்தது.

கடதாசி என்றேனல்லவா. அது தனிக் கதை. இந்து சமுத்திரத்தில் ஓடும் கலங்களுக்குப் போர்த்துக்கேயர் ‘கர்தஸ்’ என்றொரு அனுமதிச் சீட்டு விற்றார்கள். அது இல்லாத கலத்தைப் பிடிப்பார்கள், கொள்ளையிடுவார்கள். நம் மரைக்காயர்களின் கலங்கள் பட்ட பாடு அதனோடு சேர்ந்தது. அந்தச் சொல் அரபின் ‘கிர்தாஸ்’, அதாவது காகிதம். அரபியிடம் வாங்கிய சொல்லை அரபுக் கலத்துக்கே சீட்டாக விற்றிருக்கிறார்கள். கடதாசி நமக்குப் போர்த்துக்கேய வழியாக வந்ததென்பர் ஒருசாரார், நேரே அரபிலிருந்து என்பர் மறுசாரார். அசையை வைத்து இந்த வழக்கைத் தீர்க்கமுடியாது. போர்த்துக்கேயத்தில் அந்த ‘த’வில் அழுத்தம், அரபில் அதே இடத்தில் நெடில். எந்த வழியால் வந்திருந்தாலும் தமிழில் ‘தா’தான்.

ஏலம் அப்படியல்ல. போர்த்துக்கேயத்தில் ‘லெய்லௌன்’, ஈற்றில் அழுத்தம். அதன் வேர் அறிவித்தலைக் குறிக்கும் அரபுச் சொல் என்பர். நான் சொன்ன ஒழுங்குப்படி ஏலான் என்றோ லேலாம் என்றோ வந்திருக்க வேண்டும். தமிழ் முதல் லகரத்தை உதறி, ஈற்றைப் பழம், குளம் போல ‘அம்’ என்று ஆக்கி, குரலை முதலுக்கு மாற்றிவிட்டது. ஊர்காவற்றுறையில் மீன்கூறு போடுகிறவன் ‘ஏ’யைத்தான் நீட்டுகிறான்.